பூட்டிய படத்துக்குள் ஒரு பக்கம்

எங்கள் தீவு மருத்துவமனையில் என்னுடையது கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுகிற வேலை. எக்ஸ்ரே எடுக்கும் வங்காளி அக்கா, யாரும் பார்க்க முடியாதபடி படத்தைப் பூட்டித்தான் என் கணினிக்கு அனுப்புவார். திரையில் மணலைக் கொட்டிவைத்ததுபோல் இருக்கும். நெஞ்சா முழங்காலா என்று எனக்கே தெரியாது. கையிலிருக்கும் சீட்டைப் பார்த்து, நோயாளியின் பெயர், வயது, தொந்தரவு எல்லாவற்றையும் அந்த மணலுக்குள் ஒளித்து, கடலுக்கு அந்தப்பக்கம் மெயின்லேண்டுக்கு அனுப்புவேன்.

அங்கே சென்னை டாக்டருக்கு இரண்டு சாவி தேவை; சாவி என்றால் நம்பர்தான். முதல் சாவி படத்தைத் திறக்கும். ஆனால் நான் கைவைத்த இடங்களில் பொடிப்பொடியாகப் புள்ளி தெரியும். இரண்டாவது சாவி போட்டால் நான் ஒளித்ததெல்லாம் வெளியே வந்துவிடும், படமும் ஒரு புள்ளி குறையாமல் பழையபடி ஆகிவிடும். படம் வந்து சேர்ந்தது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் இரண்டாவது சாவியைப் போனில் சொல்வோம்.

போன வருடம் என் மனைவிக்கு இருமல் வந்து நிற்கவே இல்லை. அவளுக்கு இருமல், எனக்கு வியாதி. அவள் தொண்டையைச் செருமுவதற்குள் நான் சொம்புத் தண்ணீரோடு நிற்பேன். ஒரே நாளில் மூன்று முறை அவளை எடை பார்க்க வைத்தேன். மூன்றாவது முறை தராசில் ஏறி நின்றுகொண்டே, "ஏங்க, நான் என்ன கறிக்கடை ஆடா?" என்று கேட்டாள்.

அவளுடைய நெஞ்சுப் படம் பூட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தது. முப்பது வருடம் பக்கத்தில் படுத்தவளின் நெஞ்சு, எனக்குத் தெரியாத மணலாக. பெயர் எழுதினேன், வயது எழுதினேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல், டாக்டருக்கு ஒரு பக்கக் கடிதமே எழுதி உள்ளே திணித்தேன்.

மறுநாள் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். விமான நிலையத்தை ஒட்டிய பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக் கூரையை உரசுவதுபோல ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. காதில் எதுவும் விழாததால் ஸ்பீக்கரில் போட்டேன். விமானம் போன பிறகு ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டேன். மனைவி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

வலது பக்கம் மேலே ஒரு நிழல் தெரிகிறது என்றார் டாக்டர். அதைச் சுற்றிப் படம் முழுக்கப் புள்ளிகளாம். இவ்வளவு புள்ளி அவர் பார்த்ததே இல்லையாம். எது நோய், எது படத்தின் கோளாறு என்று புரியவில்லை என்றார்.

புள்ளியெல்லாம் நான். அந்த நிழலும் நானாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். தப்பு என்மேல் இருக்கட்டும் என்று வாழ்க்கையில் ஒருநாளும் நான் வேண்டியதில்லை. ஆபீசில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டாவது சாவியைச் சொன்னால் உண்மை தெரியும். கூடவே கடிதமும் வெளியே வரும். மனைவியிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். அவள் போனையே பார்த்துக்கொண்டு, "நம்பரைச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

டாக்டர் வாய்விட்டுப் படித்தார். பெயர், வயது, இருமல். அப்புறம் குரல் மெதுவானது. "சார், கெட்ட சேதியா இருந்தா என்கிட்ட மட்டும் சொல்லுங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம். நான் தாங்கிக்குவேன்." அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. அவர் கடைசியாகப் படித்த வரிதான் அந்தப் பக்கத்திலேயே பெரிய பொய்.

மனைவி கீரையைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாம என் நெஞ்சுக்குள்ளயே ஒளிச்சு வச்சீங்களா?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

பிறகு டாக்டர் படத்தைப் பார்த்தார். புள்ளிகள் எல்லாம் போய்விட்டன. நிழல் போகவில்லை.

"டாக்டர், எங்கிட்டயே சொல்லுங்க. இவருக்கு நான் அப்புறமா சொல்லிக்கிறேன்" என்றாள் அவள். நேரில் வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். எந்த நாள், எங்கே, சாப்பிட்டுவிட்டு வரலாமா என்றெல்லாம் அவள்தான் கேட்டாள். நான் அந்தக் கீரையை ஆய்ந்தேன். தண்டுகளையெல்லாம் கிண்ணத்தில் போட்டு, இலையைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை. ஒருநாள்கூட அவள் தவறவிடவில்லை. தினமும் என் கண்ணெதிரே விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல. என் முகம் தெளியட்டும் என்றுதான் அப்படிச் செய்தாள்.

முடிந்ததும் மறுபடி படம் எடுத்தோம். பூட்டிய மணல் என் திரைக்கு வந்தபோது அவளும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்தத் தடவை உள்ள என்ன எழுதுறீங்க?"

"பேரு, வயசு."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்றேன். மீதியை முந்தின நாள் ராத்திரியே அவளிடம் சொல்லியிருந்தேன். பயமாக இருக்கிறது என்று.