நாவல்பழ நிறத்தில் ஒரு பின்சீட்

நான் ஒரு காரின் சீட்டை நக்கிப் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய, கல்லூரியில் பாடம் நடத்துகிற, வீட்டில் மூன்று அலமாரி புத்தகம் வைத்திருக்கிற ஒருவன் செய்கிற காரியமல்ல அது. ஆனால் செய்துவிட்டேன், சாட்சியும் இருக்கிறார்.

சாட்சி, ராமநாதபுரத்தில் குஷன் கடை வைத்திருக்கும் பாய். சவுதியில் பல வருடம் பெரிய பெரிய கார்களுக்கு சீட் தைத்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் கடை வாசலில் நின்ற பழைய அம்பாசடரின் பின்கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, சீட்டின் ஓரத்தில் நாக்கை வைத்தேன். நிஜத் தோல் ஈரத்தை உறிஞ்சும், ரெக்சின் உறிஞ்சாது என்று எங்கோ படித்திருந்தேன். கையில் தண்ணீர் பாட்டில் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

"என்ன சார், வீட்ல உப்பு தீந்துபோச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இந்தக் கடலோர ஜில்லாவில் எதை நக்கினாலும் உப்புத்தான் கரிக்கும். ஜன்னல் கம்பி, சைக்கிள் பெல், வெளியே வைத்துவிட்ட கல்யாணப் பத்திரிகை, எல்லாம் ஒரே ருசி. என் ஆராய்ச்சியில் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

கார் என் மாமனாருடையது. ஆர்.எஸ்.மங்கலத்தில் நெல்லும் மிளகாயும் போட்டவர். அவர் போன பிறகு பங்கு பிரித்தபோது என் மனைவி நிலம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. "அய்யாவோட கார் மட்டும் எனக்கு வேணும்" என்றாள். அவள் கார் ஓட்டப் பழகியது அதில்தான். எனக்கு இன்றுவரை ஓட்ட வராது. அவள் தம்பிக்கோ மிளகாய் மூடை அடுக்க ஷெட் காலியாக வேண்டும். பழைய இரும்புக்காரரிடம் பேசிவிட்டான். அக்காவும் தம்பியும் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்து, கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள்.

"அய்யாவோட தலைத்திவசத்துக்கு ராமேஸ்வரம் போறோம்ல. அன்னைக்கு அம்மா இந்த கார்ல ஏறி அங்கன வந்து எறங்கட்டும். கார் உனக்கு. இல்லேன்னா இரும்புக்கடைக்கு. சரியாக்கா?"

"சரி" என்றாள், யோசிக்காமல். மச்சினன் லேசாகச் சிரித்தான். என்ஜினை நினைத்துச் சிரிக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

என்ஜினை ஒரு மெக்கானிக் ஒரே வாரத்தில் பேசவைத்துவிட்டார். "உள்ள சீட்டு வேலைய மட்டும் நீங்க பாருங்க. ஆளு உக்கார்ற மாதிரி இருந்தாப் போதும்" என்றாள் மனைவி. என்னிடம் 'போதும்' என்று சொல்லியிருக்கக்கூடாது. நான் கிளம்பியது உட்காருவதற்கான சீட்டுக்கல்ல. ஆலையை விட்டு வெளியே வந்த அன்று அந்தக் கார் எப்படி இருந்ததோ அப்படி. நூல், நார், மேலுறை, எல்லாம் அசல். திவசத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

பழைய கார்களைப் பற்றி நான் படித்த புத்தகங்களெல்லாம் வெள்ளைக்காரர்கள் எழுதியவை. அதில் வருகிற கார்களுக்கெல்லாம் தோல் சீட்டுதான். ஆகவே இதற்கும் தோல்தான் என்று முடிவுகட்டினேன். நாக்குச் சோதனை அந்த முடிவுக்கு ஆதாரம் தேடித்தான்.

பாய் சீட்டுறையின் ஒரு மூலையைக் கத்தியால் நெம்பி, புரட்டிக் காட்டினார். "அடியில துணி தெரியுதுல்ல? தோலுக்கு ஏது சார் துணி? இது பொறந்ததுலேருந்தே ரெக்சின்."

"நடுவுல யாராவது மாத்தியிருக்கலாம் பாய்."

"உங்களுக்கு வேண்டியது ஒரிஜினலா, ஒஸ்தியா? மொதல்ல அதச் சொல்லுங்க."

இரண்டும் ஒன்றுதானே என்றேன். அவர் டீக்கு ஆளனுப்பினார்.

ஆம்பூரிலிருந்து தோல் வந்துசேர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதில் ஒரு விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, மாமியாரிடம் காட்டப் போனேன். கூடத்தில் விரித்தேன். அத்தை குனிந்து தடவிப் பார்த்தார்.

"வழுவழுன்னு நல்லா இருக்கு. என்ன தோலு மாப்ள?"

"மாடுதான் அத்தை. முதுகுப் பக்கம். ஒஸ்தி."

கையை எடுத்துக்கொண்டார். கொல்லையில் அவருடைய இரண்டு மாடுகள் வைக்கோல் மென்றுகொண்டிருந்தன. தை பிறந்தால் கொம்புக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டு, விழுந்து கும்பிடுகிற வீடு அது.

"புருசனுக்குத் திதி குடுக்கப் போறேன்" என்றார் நிதானமாக. "மாட்டுத்தோல் மேல உக்காந்து போகச் சொல்றீகளா?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் கார்கள் திதிக்குப் போனதில்லை.

வீட்டில் மனைவி சத்தம் போடவில்லை. "இன்னும் நாப்பது நாளு இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். தோலை என்ன செய்வதென்று தெரியாமல் பாயிடம் கொண்டுபோனேன். கீழக்கரையில் ஒரு புது வீட்டு சோபாவுக்கு அதை அவரே தள்ளிவிட்டார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுவும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து நான் தேடியது அசல் போலியை. சிரிப்பாக இருக்கும், ஆனால் தோலைப் போலச் செய்த ரெக்சினிலும் நிஜம், பொய் உண்டு. இப்போது வருவது மொழுமொழுவென்று பாலிதீன் மாதிரி பளபளக்கிறது. பழையதற்குத் துணி முதுகு, மேலே மணல் தூவியது போல நுண்ணிய சொரசொரப்பு. விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பின்சீட்டை பாய் முழுசாகப் பிரித்தார். மேலே யாரோ பிற்பாடு வைத்த ஸ்பாஞ்ச், மாவாக உதிர்ந்தது. அதற்குக் கீழே தேங்காய் நார். அதற்குக் கீழே சாக்கு. அடியில் ஸ்பிரிங்குகள், உப்புக்காற்று தின்றதுபோக மிச்சமிருந்தவை. மூன்று, கையோடு வந்தன.

"புது ஸ்பாஞ்ச் வச்சா நாளைக்கே முடிச்சிரலாம்" என்றார் பாய்.

"நார்தான் பாய்."

"குத்தும் சார்."

"குத்தட்டும். நார்தான் ஒரிஜினல்."

"உக்காரப் போறது உங்க மாமியாரு. இன்ஷா அல்லாஹ், குத்துனா உங்களத்தான் கேப்பாக."

உச்சிப்புளிப் பக்கம் ஒரு நார் மில்லில் இரண்டு மூட்டை வாங்கிவந்தேன். ஈரம் காய, பாய் கடை மொட்டைமாடியில் பரப்பினோம். காக்காய்கள் கூடு கட்டத் தூக்கிப்போயின. விடுமுறை எடுத்து, ஒரு குடையும் குச்சியுமாக நான்கு நாள் நாருக்குக் காவல் இருந்தேன். என் மாணவன் ஒருவன் கீழே பைக்கை நிறுத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, வணக்கம் சொல்லலாமா வேண்டாமா என்று குழம்பிப் போய்விட்டான். காய்ந்த நாரைப் பிரித்து அடுக்கி, மேலே கெட்டியாகப் பஞ்சு வைத்துத் தைத்தார் பாய். உட்கார்ந்து பார்த்தேன். குத்தவில்லை, குத்தியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மிச்சமிருந்தது நிறம். பழைய உறை வெயிலிலும் உப்பிலும் வெளுத்துக் கருவாட்டு நிறத்தில் இருந்தது. தையல் மடிப்புக்குள் முதல் நிறம் தங்கியிருக்கும் என்று பாய் பிரித்தார். மடிப்பை எலி தின்றிருந்தது. மனைவியைக் கேட்டேன்: "மேல எப்பவும் துண்டு விரிச்சிருக்குமே, யாரு பாத்தா." மச்சினனைக் கேட்டேன்: "அழுக்குக் கலரு மச்சான்."

அத்தையைக் கேட்டேன். சட்டென்று சொன்னார்: "நாவப்பழக் கலரு."

அவ்வளவு உறுதியான சாட்சி வேறெங்கே கிடைக்கும்? ரெக்சின் துண்டுகளைச் சாவிக்கொத்து போலக் கோத்துவைத்த சாம்பிள்களோடு மூன்று தடவை ஆர்.எஸ்.மங்கலம் போனேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது கத்திரிக்காய்", "இது பீட்ரூட்டு" என்று தள்ளினார். ராமநாதபுரத்தில் இல்லை, பரமக்குடியில் இல்லை. மதுரையில் ஒரு கடையின் பரணில், விற்காமல் கிடந்த ஒரு சுருள். துணி முதுகு, மணல் சொரசொரப்பு, கனிந்த நாவல்பழத்தின் கரிய ஊதா. ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போனேன். அத்தை தடவினார். "இதேதான்" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் வலியப் பேச்சுக் கொடுத்து இதைச் சொன்னேன். அவர் உப்பூரில் இறங்கவேண்டியவர், முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார்.

திவசத்துக்கு இரண்டு நாள் முன்னால் தையல் முடிந்தது.

திவசத்தன்று விடிகாலை மாமியார் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. மச்சினன் தன் ஏ.சி. காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறும்மா" என்றான். அத்தை ஒரு கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். பூஜைக்கு என்று நினைத்தேன்.

"ஏலே, நீ முன்னால போ. நான் அக்கா கூட வாரேன்."

அவனைத் தாண்டி நடந்துவந்து எங்கள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மச்சினன் கதவைப் பிடித்தபடியே நின்றான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சீட்டின் அழகில் மலைத்துவிட்டான் என்று எனக்கு ஒரே பெருமை.

மனைவி ஓட்டினாள். நான் முன்னால் உட்கார்ந்து, ரெக்சினின் வரலாற்றை உச்சிப்புளி வரை சொல்லிக்கொண்டு வந்தேன். அங்கே திரும்பிப் பார்த்தேன். அத்தை கண்ணை இறுக மூடி, எலுமிச்சையை மூக்கோடு அழுத்திப் பிடித்திருந்தார். மாமாவை நினைத்துக்கொள்கிறார் என்று மரியாதையாகப் பேச்சை நிறுத்தினேன். பாம்பன் பாலத்தில் காற்று காரை ஆட்டியபோது மனைவி கண்ணாடியில் அம்மாவைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச தூரந்தாம்மா" என்றாள். "நீ ரோட்டப் பாரு" என்று பதில் வந்தது.

அக்னி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் அத்தை இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். மச்சினன் வந்து சீட்டை உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தான். திதி கொடுத்து, தீர்த்தமாடி முடித்ததும், ஈர வேட்டியோடு பையிலிருந்து ஆர்.சி. புக்கை எடுத்து அக்கா கையில் கொடுத்தான். அவள் அதை முந்தானையில் ஒற்றி, கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

பிறகு நால்வரும் ஒரு ஹோட்டலில் இட்லி சாப்பிட்டோம். எனக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்றிருந்தது. கேட்டே விட்டேன்.

"எப்பிடி அத்தை, மாமா காலத்துல இருந்த மாதிரியே இருக்கா சீட்டு?"

மனைவி சட்னியில் ஏதோ விழுந்துவிட்டதுபோல உற்றுப் பார்த்தாள். மச்சினன் இலைப் பக்கம் குனிந்துகொண்டான்.

"எனக்கு எப்பிடித் தெரியும் மாப்ள?" என்றார் அத்தை. "பெட்ரோல் வாடைக்கு எனக்குக் கொமட்டும்னு உங்க மாமா என்னைய பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு, அவரு மட்டும் பின்னாலயே இதுல வருவாரு. இன்னைக்குத்தான் உள்ள ஏறியே பாக்குறேன். நீங்க கலர் கேட்டீக, எனக்குப் புடிச்சதச் சொன்னேன். திரும்பிப் போறதுக்கு நான் பஸ்ஸுலயே வந்துர்றேன்."