பின்பெட்டியாக வந்த கணவர்

நீளப் பஸ்ஸை ஓட்டியே தீருவேன் என்று அவள் சொன்னபோது டிப்போவில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது தடவையும் தேர்வில் தோற்ற பிறகுதான் சிரித்தார்கள். பதினோரு வருடம் சாதாரண பஸ்ஸை ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவள் அவள். இனி அவள் தடத்தில் நடுவில் மடிகிற இரட்டைப் பெட்டி பஸ்கள்தான் ஓடும் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மூன்றாவது தேர்வு, அதுவே கடைசி. தவறினால் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வேண்டியதுதான். நல்ல சுழல் நாற்காலி, வெயில் மழை கிடையாது. அந்த நாற்காலியை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சிக்கல் வளைவில்தான். முன்பெட்டி ஒழுங்காகத் திரும்பும். பின்பெட்டி குறுக்கே வெட்டிக்கொண்டு வந்து நடைபாதைக் கல்லில் ஏறிவிடும். கண்ணாடியில் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும்.

குளிர்காலம் மூட்டை கட்டத் தொடங்கியிருந்த வாரம் அது. ஆறு மணிக்கும் வெளிச்சம் இருந்தது. திங்கட்கிழமை, தபால்காரரான கணவர் வேலை முடிந்து செருப்பைக் கழற்றுவதற்குள், துணி காயப்போடும் கயிற்றோடு வந்து நின்றாள்.

"நான் முன்பெட்டி, நீங்க பின்பெட்டி. வாங்க."

"கல்யாணம் ஆனதிலேர்ந்து அப்படித்தானே இருக்கு" என்றார் அவர். சொன்னாரே தவிர, செருப்பைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

சந்தைக் கட்டிடத்துக்குப் பின்னால், கார்கள் போய்விட்ட காலி இடம். கயிற்றின் ஒரு முனை அவள் இடுப்பில், மறுமுனை அவர் இடுப்பில். நடுவே பன்னிரண்டு அடி. மொட்டு விட்டிருந்த மரங்களின் கீழே ஒவ்வொரு நடைபாதைக் கல் மூலையிலும் திரும்பினார்கள். நாயோடு நடக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். மூலை தாண்டியதும் திரும்பிப் பார்ப்பாள், கணவர் கல்லைத் தொடாமல் பத்திரமாக வந்துகொண்டிருப்பார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. பிடிபட்டுவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

புதன்கிழமை டிப்போவில் உண்மையான பஸ்ஸில் ஏறினாள். முதல் வளைவிலேயே பின்டயர், ஓரத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பை நசுக்கித் தரையோடு தரையாக்கியது. "அக்கா, அந்தச் சுழல் நாற்காலிக்கு மெத்தை நான் வாங்கித் தர்றேன்" என்றான் பட்டறை மெக்கானிக். பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்தாள். புருஷன் வரும்போது இடிக்காத வளைவில் பெட்டி மட்டும் ஏன் இடிக்கிறது?

பதில் வியாழக்கிழமை ஈரத்தில் கிடந்தது. மழை விட்டிருந்த நேரம். மூலையில் திரும்பிப் பார்த்தவள் கீழே பார்த்தாள். அவருடைய செருப்புத் தடங்கள் கயிறு இழுத்த வழியில் வரவே இல்லை. மூலைக்கு முன்னாலேயே வெளியே ஒதுங்கி, அவள் தடத்தின் மேலேயே அச்சு மாறாமல் விழுந்திருந்தன.

"ஏன் தள்ளிப் போனீங்க?"

"போகலேன்னா கல்லுல இடிச்சிருக்குமேம்மா."

"இடிக்கணுங்க. அதுக்குத்தானே கட்டி இழுக்கறேன்."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. தெருநாய்க்கும் தள்ளுவண்டிக்கும் வழிவிட்டே பழகிய மனுஷன், பெண்டாட்டிக்கும் அதையே செய்திருக்கிறார். இந்தக் கயிற்றில் மட்டுமா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவள் நின்றபோதெல்லாம் அவர் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டார். எங்கே இடித்தோம் என்றே தெரியாமல் இத்தனை வருடம் குடும்பத்தை ஓட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது கோபம் போய், வெட்கமாக இருந்தது.

தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவர் கண்ணைக் கட்டினாள். "இழுக்கிற பக்கம் வாங்க. ஒதுங்கக் கூடாது."

"இடிச்சாச்சு" என்று அறிவித்தார் முதல் மூலையில். இரண்டாவதிலும் அதே அறிவிப்பு. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். அடி அவருக்கு, உதவி அவளுக்கு. ஒவ்வொரு முறையும் இன்னும் ஓரடி நேரே போய்ப் பிறகு திரும்பினாள். பதினான்காவது மூலையில் அறிவிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு வளைவுகள் சுத்தமாகப் போயின. ஐந்தாவதில் அவசரப்பட்டுவிட்டாள். முன்பெட்டி பாதி திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம், பின்னால் வருவது எப்படியாவது வந்துவிடும் என்று போயிருப்பாள். பிரேக்கை மிதித்தாள்.

"இப்படியே போனா பின்னால ஏறிடும் சார். திரும்ப எடுக்கறேன்."

"நேரம் போகுது" என்றார் தேர்வாளர்.

"போகட்டும் சார்."

அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கி, நேரே போய், பொறுமையாகத் திருப்பினாள். கல்லுக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. தேர்வாளர் தாளில் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

டிப்போ வாசலில் நின்று கணவருக்குப் போன் செய்தாள்.

"இடிச்சியா?"

"இல்ல. வண்டி என்னுதுதான்."

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "என்னங்க, வீட்டுல நான் எங்கெங்க இடிச்சேன்னு எனக்குச் சொல்லணும். ஒதுங்காம சொல்லணும்" என்றாள்.

அவர் யோசித்தார். "ஒரு சாயங்காலம் பத்தாதேம்மா."

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் எனக்கு லீவு" என்றாள் அவள்.