பாலம் வரைக்கும்

கூடலூர் பஸ் ஸ்டாண்டில் மூடுபனி இறங்கியிருக்கிறது. எதிரே நிற்கும் பஸ்ஸின் விளக்குகள் மட்டும் மிதக்கின்றன. அடுத்த மாதம் அலுவலக வேலையாக லண்டன் போகிறேன். நடுவில் ஒன்றரை நாள் யார்க் நகரத்தைச் சுற்றிப் பார்க்கலாமென்று, மடியில் ஊரைச் சுற்றியுள்ள பழைய மதிலின் படம் போட்ட வரைபடத்தை விரித்து இடங்களைக் குறித்துக்கொண்டிருக்கிறேன்.

பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் ஒரு அம்மா எட்டிப் பார்க்கிறார். சேரம்பாடியில் தேயிலை பறிப்பவராம்.

"ஏனுங்க, இது யார்க்குங்களா? மதில் மேலயே நடந்து போங்க. படி வழுக்கும். எறங்குனா ரொட்டிக் கடை, அப்புறம் பாலம்."

"போயிருக்கீங்களா?"

"இல்லீங்க. மக அங்க நர்சு. நைட் டூட்டி முடிஞ்சு அவ ஊட்டுக்கு நடக்கறப்ப எனக்கு இங்க மத்தியானச் சோத்து நேரம். போன்ல வீடியோ போட்டுக் காட்டிக்கிட்டே போவா. நானும் கூடவே போவேன்."

பனிக்குள் அந்த மதில் எனக்கும் தெரிகிறது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் என்னங்க இருக்கு?"

"தெரியாதுங்க. அவ பாலத்துல ஏறறப்ப இங்க எஸ்டேட் சங்கு ஊதிரும். நான் கொழுந்து பறிக்கப் போயிருவேன். மிச்ச தூரம் அவ தனியாத்தான் போவா."

குறித்து வைத்த இடங்களைப் பேனாவால் அடித்துவிடுகிறேன். பாலத்திலிருந்து தொடங்கினால் போதும்.