குழாய் ஒலிபெருக்கியில் தேவாவின் குரல்

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால். யுபிஎஸ்ஸுக்குப் பேட்டரி வாங்கப் போன தேவாவை, புதுப்பட்டினம் திருப்பத்தில் லாரி இடித்துவிட்டது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. சதுரங்கப்பட்டினத்துச் சமூகக் கணினி மையத்தில் அவனோடு வேலை பார்த்த மார்கரெட், கணினிகளை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு அவன் வீட்டுக்கு ஓடினாள்.

பன்னிரண்டு மணிக்கு, தெருவே அழுதுகொண்டிருக்கையில், கம்பத்தில் கட்டியிருந்த மையத்தின் குழாய் ஒலிபெருக்கி கரகரத்தது. "தேவா பேசறன். மதியத்துக்கு மேல அலை ஒன்றரை மீட்டரு..." காலையில் கணினியில் பதிந்து, நேரம் குறித்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அழுகை சட்டென்று நின்றது. அவன் மனைவி சங்கவி மட்டும் எழுந்து வாசலைப் பார்த்தாள்.

மீனவர் வீட்டுப் பிள்ளைதான் தேவா, ஆனால் படகில் ஏறினால் வாந்தி எடுப்பான். மீனுக்கு இலவசத் தீனி போடுகிறவன் என்று ஊரே கேலி செய்யும். மையத்தைத் தொடங்கிய தொண்டு நிறுவனம் கணினிகளை விட்டுவிட்டுக் கிளம்பியபோது, வாடகையும் கரண்ட் பில்லும் இவன் தலையில் விழுந்தன. விண்ணப்பம் பதிவதற்குக் கட்டணம் கேட்கவும் வழியில்லை. வருகிற அத்தனை பேரும் மாமன், மச்சான். அப்போதுதான் கடல்நிலை அறிவிப்போடு விளம்பரம் சேர்த்தான்.

"மச்சான்கிட்ட டப்பு வாங்கக் கூடாது மார்கரெட்டு. மச்சானுக்கு ஐஸ் விக்கறவன்கிட்ட வாங்கலாம்."

அவன் போன பிறகு கடல்நிலையை மார்கரெட்டே வாசித்தாள். விளம்பரங்கள் அவன் குரலிலேயே ஓடின. அதை நிறுத்தினால் விளம்பரக்காரர்கள் நின்றுவிடுவார்கள் என்ற பயம். விடியற்காலையில் மீன் ஏலத்தின் நடுவே அவன் பேசத் தொடங்கினால், பெண்கள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். கூடைகள் அப்படியே நிற்கும்.

கருமாதி முடிந்து மார்கரெட் வீட்டுக்குப் போனபோது சங்கவி சண்டை பிடிக்கவில்லை.

"எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லல மார்கரெட்டு. சென்டரு மூடிட்டா அது அவருக்கு ரெண்டாவது சாவு. அந்த ஐஸ் வெளம்பரத்த மட்டும் எடுத்துடு. அதுல கடைசில சிரிப்பாரு. அடுப்பாண்ட நின்னுகினு நானும் சிரிச்சிடறன். அப்புறந்தான் ஞாபகம் வருது."

மறுநாளே மார்கரெட் அதை எடுத்துவிட்டாள். ஆனால் வாடகை முழுவதும் அந்த ஐஸ் விளம்பரத்தில்தான் வந்துகொண்டிருந்தது. ஐஸ் கம்பெனி ராஜாராம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அந்தச் சிரிப்புக்குத்தாம்மா ஜனம் என்னாண்ட வருது. நீயே பேசு, வேணாங்கல. ஆனா சிரிக்கணும். மாசக் கடைசி வரைக்கும் பாக்கறன்."

மையத்தின் கதவைச் சாத்திக்கொண்டு மார்கரெட் பேசிப் பதிந்தாள். ஐஸ் கட்டியின் எடை, கடை இருக்கும் இடம், போன் நம்பர் எல்லாம் ஒரே மூச்சில் தெளிவாக வந்துவிட்டன. மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. சிரிப்பை மட்டும் அவள் இன்னும் பதியவில்லை.