சாமியைக் குப்புறப் போட மனசு வராதவர்

வெள்ளைத்துரையின் கையைப் பார்த்தால் யாரும் உளி கொடுக்க மாட்டார்கள், மண்வெட்டிதான் கொடுப்பார்கள். செக்கானூரணிப் பக்கத்துச் சம்சாரி. ஏர் பிடித்துக் காய்த்த கை. விரல் ஒவ்வொன்றும் ஒரு வாழைக்காய். அந்தக் கையை வைத்துக்கொண்டு, முப்பத்துமூன்று வயதில், மதுரை கீழவாசல் பக்கம் ஒரு கைத்தொழில் பள்ளியில் மர அச்சு வெட்டப் படிக்க வந்து சேர்ந்தார் மனிதர்! அது 1938.

எல்லாம் ஒரு காளையால் வந்தது. சித்திரைத் திருவிழாப் பொருட்காட்சியில் ஒரு காளைப் படம் தொங்கியது. திமிலில் சிலிர்த்த மயிர்கூடத் தெரிந்தது. மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்தது என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். மனைவி அன்னக்கொடி மூன்று தடவை கூப்பிட்டும் வெள்ளைத்துரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அன்னக்கொடி தவணை கொடுத்தாள். "தை அறுப்புக்குள்ள நீங்க வெட்டுன பலகை ஒண்ணாச்சும் அச்சுக்குப் போயி, நாலு பேரு கையில காயிதமா வரணும். வரலைன்னா உளியை வச்சுட்டு அருவாளை எடுக்கணும். சம்மதமா?"

சம்மதம் என்று தலையாட்டிவிட்டு, பழங்காநத்தத்தில் மச்சினன் வீட்டில் வந்து தங்கினார்.

வாத்தியார் ஜனகராஜ் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை, மாணவரைவிட எட்டு வயது இளையவர். அதனால் வாத்தியார் மாணவரை அண்ணே என்பார். முதலில் சுங்குடி முடிச்சு. துணியைக் கடுகளவு கிள்ளி நூலால் கட்ட வேண்டும். வெள்ளைத்துரை கட்டியதெல்லாம் புளியங்கொட்டை அளவு.

"அண்ணே, மாட்டையா கட்டுறீங்க?"

"அவுந்துறக் கூடாதுல்ல வாத்தியாரே?"

"அவுக்கணும்ணே! சாயத்துல முக்கிட்டு அவுக்கத்தான் கட்டுறதே!"

பிறகு காகிதத்தில் கோலம் வெட்டினார். நாற்பது தாள் கிழிந்தது. அடுத்த தாளில் ஒரு தாமரை முழுசாக வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் திரிந்தார், யாராவது என்னவென்று கேட்கமாட்டார்களா என்று.

பலகைக்கு வந்தபோதும் ஒவ்வொரு கோட்டையும் கொத்திக் கிளப்பினார். "கோட்டை விட்ருங்கண்ணே, சுத்தி இருக்கிறதை எடுங்க" என்று ஜனகராஜ் கெஞ்சினார்.

"பயிரை விட்டுட்டுக் களையை எடுக்கணும். அம்புட்டுத்தானே? இதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை மாசமா?"

அன்றைக்கு அவர் கை திருந்தியது.

மார்கழி வந்தது. திருவாதிரை விழாக் குழுவின் காரியதரிசி உக்கிரபாண்டி, நோட்டீஸின் தலைப்பில் நடராஜர் வேண்டும் என்று வந்தார். ஜனகராஜ் துணிந்து அந்த வேலையை வெள்ளைத்துரையிடம் கொடுத்தார். கையில் அகப்பட்ட ஒரு காலண்டர் நடராஜரையும் மெல்லிய தாளையும் நீட்டினார்.

"இதை அப்படியே வரைஞ்சு, வரைஞ்ச பக்கம் பலகையில படுற மாதிரி குப்புற ஒட்டி வெட்டுங்க. அப்பத்தான் அச்சுல நேரா விழும்." சொல்லிவிட்டுத் தங்கை கல்யாணத்துக்குப் பரமக்குடி போய்விட்டார். வரப் பத்து நாள் ஆகும்.

வெள்ளைத்துரை வரைந்தார். பலகையில் கஞ்சிப் பசை தடவினார். தாளைக் குப்புறப் போடப் போனார். சாமி முகம் பசையில் அழுந்துமே! கை ஓடவில்லை. மல்லாக்கவே வைத்து, பதமாகத் தடவிவிட்டு, ஒன்பது நாள் மூச்சைப் பிடித்து வெட்டினார்.

திரும்பி வந்த ஜனகராஜ் ஒற்றி எடுத்த தாளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இடது காலைத் தூக்கியிருந்த சாமி வலது காலைத் தூக்கிட்டாருண்ணே! குப்புற ஒட்டச் சொன்னேனே!"

"சாமி மூஞ்சிய எப்படிக் கீழ அமுக்குறது? நீங்க செய்வீங்களா?"

"அதைச் செஞ்சுதான் நான் சோறு திங்கிறேன்!"

அந்த நேரம் பார்த்து உக்கிரபாண்டி உள்ளே வந்தார். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைத்துரையின் கண்ணுக்கு முன்னால் அரிவாள் வந்து நின்றது.

"யாருய்யா வெட்டுனது? நம்ம மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்துல சாமி கால் மாத்தில்ல ஆடுறாரு! வலது காலைத்தான் தூக்கணும். போன வருசம் சிதம்பரத்து இடது காலைப் போட்டு ஊரே கேள்வி கேட்டுச்சு." காலண்டரைப் பார்த்ததும் ஜனகராஜ் பக்கம் திரும்பினார். "இதையா குடுத்தீங்க? உங்க பெருமாள் கூடலழகர் உக்காந்தே இருக்காரு, உங்களுக்குக் காலைப் பத்திக் கவலை இல்ல."

வெள்ளைத்துரையின் கால் தரையில் இல்லை. ஆனால் உக்கிரபாண்டி தாளை இன்னும் கீழே வைக்கவில்லை.

"இருங்க. கால் நம்ம ஊருதான். கை? உடுக்கை வலது கையிலயும் தீ இடது கையிலயும் இல்ல இருக்கணும்? மாறிக் கெடக்கே. நாளைச் சாயந்திரம் வாரேன். சரியா இருந்தா அச்சடிப்போம், இல்லாட்டி படமே வேணாம்."

மரத்தில் வெட்டியதை அழிக்க முடியாது. அந்த இரண்டு இடத்தையும் தோண்டிவிட்டு, நகத்தளவு மரத்துண்டுகளை இறுக்கி, அதில் புதிதாக வெட்ட வேண்டும். ஜனகராஜ் கை நீட்டினார். "குடுங்கண்ணே, நான் முடிச்சிர்றேன்."

"வேணாம் வாத்தியாரே. அப்பறம் அது நீங்க வெட்டுன பலகை. அன்னக்கொடிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

உடுக்கையையும் தீயையும் சின்னத் தாளில் வரைந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் குப்புற வைத்தார்.

"கண்ணைத் தொறங்கண்ணே, கோணலா ஒட்டுது!"

மறுநாள் மத்தியானம்வரை அந்த வாழைக்காய் விரல்கள் நகத்தளவு மரத்தில் ஊர்ந்ததை ஜனகராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தீக்கொழுந்து தலைமுடி கனத்தில் உடையாமல் நின்றது! சாயந்திரம் உக்கிரபாண்டி வந்து சாமி கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "அடிங்க" என்றார்.

நோட்டீஸ் ஒன்றை மடிக்காமல் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனார் வெள்ளைத்துரை. நடந்ததையெல்லாம் சொன்னார். அன்னக்கொடி ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"தீயைச் சுத்தி என்ன, வரப்பு கட்டுன மாதிரி ஒரு கோடு?"

ஒட்டுப்போட்ட தடம் அது. "அது இல்லைன்னா தீ பரவிரும்ல" என்றார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அறுப்புக்கு மட்டும் வந்து நில்லுங்க. முடிஞ்சதும் போயிப் படிங்க. அடுத்து நம்ம காளையை வெட்டுங்க. அதையாச்சும் குப்புறப் போடுவீங்கல்ல?"

வெள்ளைத்துரை தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம காளையையா?" என்றார், சங்கடமாக.