வாசலில் ஆட்டோ நின்றால்

நாய்கள் காப்பகத்திலிருந்து நாங்கள் எடுத்து வந்த கருப்பிக்குத் துடைப்பத்தைக் கண்டாலே வெறி பிடிக்கும். ஒருநாள் காலையில் வாசல் பெருக்கிய என் மனைவியின் கையைக் கடித்துவிட்டது.

"இந்த டென்ஷன் நமக்கு இன்னாத்துக்கு? திருப்பி வுட்டுட்டு வா" என்றாள்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. "கோட்டைப் பக்கம் வாக்கிங் போலாம் வா" என்று பொய் சொல்லி ஆட்டோவில் ஏற்றினேன். முதல்முறையாக என் மடியில் தலை வைத்துப் படுத்தது.

காப்பகத்தில் அது முரண்டு பிடிக்கவில்லை. தானே பழைய கூண்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

"பழகிடுச்சுண்ணா. முன்னாடி எடுத்துட்டுப் போனவங்களும் இப்படித்தான் கொண்டாந்து வுட்டாங்க" என்றாள், அங்கே வேலை செய்யும் பெண்.

அதே ஆட்டோவில் திரும்பக் கூட்டி வந்துவிட்டேன். இப்போது வாசல் பெருக்கும் நேரத்தில் அதை வெளியே நடக்கக் கூட்டிப் போகிறேன்.

ஆனாலும் வாசலில் எந்த ஆட்டோ நின்றாலும், யாரும் கூப்பிடாமலே எழுந்துபோய் அதன் பக்கத்தில் நிற்கிறது. அந்தப் பழக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.