சிரட்டையால் வெட்டிய ஆற்றுவாய்

அழுகிய வெங்காயமும் ஊறிப்போன கருவாடும் சேர்ந்த அந்த நாற்றம்... இன்றைக்கும் மழை விடாமல் பெய்தால் என் மூக்குக்கு வந்துவிடும்.

யுத்த காலம். மட்டக்களப்புச் சந்தைக்குள் முழங்கால் தண்ணீர். நான் வேலை செய்த தையல் கடையில் மெஷின்களை மேசைக்கு மேல் ஏற்றிவிட்டோம்.

கடை கிடக்கட்டும். வவுணதீவு வட்டையில், அந்த வயல்வெளி முழுக்கவே, எங்கள் வயலும் தண்ணீருக்குள் கிடந்தது. கதிர் வரும் நேரம். இன்னும் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். வருஷச் சோறே அதுதான்.

மழையில் நிரம்பி ஊருக்குள் ஏறிய வாவித் தண்ணீர் கடலுக்குப் போக வேண்டுமென்றால், மணல் மூடிய ஆற்றுவாயை வெட்டிவிட வேண்டும். வழக்கமாக ஆம்பிளைகள் மண்வெட்டியோடு கூடிப்போய் வெட்டுவார்கள். அந்த வருஷம் அங்கே ஆமியின் காவலரண், சென்ரி. மண்வெட்டியைக் கண்டால் பதுங்குகிற பங்கர் வெட்டவா என்று பிடிப்பார்கள். "பெர்மிஷன் வரட்டும்" என்றார்கள். யாரிடமிருந்து வரும் என்று அவர்களுக்கே தெரியாது!

என் அப்பாவின் தங்கை பாக்கியம் மாமி சந்தையில் மீன் விற்றவள். சீலையை இழுத்துச் செருகினாள்.

"என்னகா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மண்வெட்டிதானே கூடாது? சிரட்டை இருக்குதானே!"

போனோம். சந்தைப் பொம்பிளைகள் எல்லோரும். தேங்காய்ச் சிரட்டை, அகப்பை, தகர மூடி... கையில் கிடைத்ததோடு.

மணலில் குந்தித் தோண்டத் தொடங்கியதும் ஒரு ஆமிக்காரன் ஓடிவந்தான். "போ! போ! பெர்மிஷன் இல்ல!" வானத்தைப் பார்த்து ஒரு வெடி. நான் எழும்பி ஓடப் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். மாமி நிமிரவே இல்லை.

"சுடுறெண்டா சுடு தம்பி. வேளாண்மை அழுகினா மறுகா பட்டினியில சாகத்தானே போறம்... நீ கிண்டு புள்ள!"

கிண்டினேன். நகக்கண்ணில் ரத்தம். கடைசியில் சாண் அகலத்தில் ஒரு வாய்க்கால். அதில் தண்ணீர் நுழைந்ததுதான் தாமதம்... இரண்டு கரையும் பொலபொலவென்று சரிய, வாவி கடலுக்கு ஓடியது. ஆமிக்காரர்கள் சென்ரி மண்மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். மாமி கைகொட்டிச் சிரித்தாள்.

"இனித் தண்ணிக்கிட்டப் போய்ச் சொல்லுங்கடா, பெர்மிஷன் இல்லையெண்டு!"

வயல் பிழைத்தது. அந்த வருஷமும் எங்கள் நெல்லில்தான் சோறு தின்றோம்.

இப்போது யுத்தமும் இல்லை, மாமியும் இல்லை. ஆற்றுவாய் வெட்ட மண் அள்ளும் பெக்கோ மெஷின் வருகிறது. நல்லதுதான். ஆனால் முதலில் கூட்டம், பிறகு போட்டோ, அதற்குப் பிறகுதான் வெட்டு.

போன மாரியிலும் சந்தைக்குள் தண்ணீர். ஆற்றுவாயை வெட்டச் சொல்லி அரசாங்க ஆபீசில் கேட்டால், "மேலிடத்து அனுமதி வரணும் அக்கா, வெயிட் பண்ணுங்க" என்றார் ஒரு தம்பி.

"வயல் வெயிட் பண்ணாது தம்பி" என்று சொல்லிவிட்டு, பேக்கில் இருந்த சிரட்டையை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். மாமியின் கதையையும் சொன்னேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் சந்தைப் பொம்பிளைகள் ஆளுக்கொரு சிரட்டையோடு காத்து நின்றார்கள்.

ஆற்றுவாய்க்கு நாங்கள் பாதி வழி நடந்திருப்போம்... பின்னால் ஹோர்ன் அடித்தபடி பெக்கோ எங்களை முந்திக்கொண்டு போனது.